அப்பாவின் குறட்டை

பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்டு வருகிறவர்களில் அழுகிறவர்களை டாக்டரம்மாவுக்குக் கையாளத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, அவர்களாக மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கத்துகிறவர்கள்தான் தலைவலி. அன்று காலை வந்திருந்த தம்பி கத்துகிற ரகம்.

"எங்க அக்காதான் கொன்னா. ஒரு மாத்திரை குடுக்க வேண்டிய இடத்துல ரெண்டு குடுத்திருக்கா. அட்டையில காலியா இருக்குறது என் கண்ணுக்கே தெரியுது. அதை எழுதித் தர ஒன்பது நாளா?"

முப்பத்தைந்து வயதுக்காரன். மூன்று நாள் தாடி. வலது கையில் கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுவரை கட்டுப் போட்டிருந்தான். கட்டு அழுக்கேறி, ஓரம் பிரிந்து தொங்கியது. அந்தக் கையாலேயே மேசையைத் தட்டிவிட்டு வலியில் முகம் சுளித்தான். இப்படியும் ஒருவன் தட்டுவானா என்று டாக்டரம்மாவுக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"இன்னிக்கு மதியம் வாங்க. உங்க அக்காவையும் வரச் சொல்லியிருக்கேன்."

"அவ எதுக்கு? அவ மூஞ்சியிலயே நான் முழிக்க விரும்பல."

"முழிக்காதீங்க. வெளியில பெஞ்சு இருக்கு, உக்காருங்க."

இருபத்தாறு வருடமாக இதே வேலை. ஆஸ்பத்திரி ஆட்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஆற அமர'. மற்ற டாக்டர்கள் இரண்டு நாளில் முடிப்பதை இவள் இரண்டு வாரம் இழுப்பாள் என்று போலீஸ்காரர்களுக்குக் கோபம். அவளுடைய ஒரே கொள்கை, வருகிறவர்கள் கேட்கிற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்வது. கேட்காததை எடுத்து யார் தலையிலும் கொட்டமாட்டாள். கேட்டுவிட்டால் மழுப்பவும் மாட்டாள். இத்தனை வருடத்தில் அதை ஒருமுறைகூட அவள் மீறியதில்லை.

பிணம் வந்தது ஒன்பது நாளைக்கு முன்பு. எழுபத்தோரு வயது, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். புற்றுநோய் முதுகெலும்பில் இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. வலிக்கு இரண்டு மருந்து. முதுகில் மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுகிற ஃபென்டனில் பிளாஸ்திரி ஒன்று. அதையும் மீறி வலி வந்தால் விழுங்க மார்ஃபின் மாத்திரை. இரண்டுமே ஓபியாய்டு வகை. வலியை அடக்கும், அளவு மீறினால் மூச்சையும் அடக்கும். மகள்தான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள். இறந்த அன்று மதியம் அவள் வெளியே போயிருந்தாள். ஊரிலிருந்து வந்த மகன் பார்த்துக்கொண்டான். மாலை ஐந்து மணிக்கு அவள் திரும்பியபோது அப்பாவுக்கு மூச்சில்லை. போலீஸ் கடிதத்தில் இவ்வளவும் இருந்தது. மகன் கொடுத்த புகாரும் இருந்தது.

"எப்படியும் ரெண்டு மாசத்துல போகப்போற மனுஷன். இதுக்குப் போய் போஸ்ட்மார்ட்டமா?" என்றான் ரேடியோ. பிணவறை உதவியாளன். வாயை அணைக்கும் பொத்தான் அவனுக்குக் கிடையாது என்பதால் அந்தப் பெயர்.

"அந்த ரெண்டு மாசம் அவரோடது. உன்னோடதா, என்னோடதா?" என்று அவள் எரிந்து விழுந்தாள். ரேடியோ ஐந்து நிமிடம் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டான். அதுவே பெரிய மரியாதை.

ஓபியாய்டு சாவு உடம்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதில்லை. உயிரோடு இருக்கும்போது கண்மணி கடுகாகச் சுருங்கும். செத்த பிறகு அதை நம்ப முடியாது. நுரையீரல் நீர் கோத்துக் கனத்திருந்தது, மூச்சுக்குழாயில் நுரை, சிறுநீர்ப்பை முட்ட முட்ட நிரம்பியிருந்தது. மணிக்கணக்காக அசையாமல், உணர்வில்லாமல் கிடந்து போனவர்களிடம் இதையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் இதயம் மெல்ல நின்றுபோனவர்களிடமும் பார்த்திருக்கிறாள். அதனால் இதயத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தாள். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று தேடினாள். அப்படி எதுவும் இல்லை. வயிற்றில் மாத்திரைக் குவியலும் இல்லை.

ரத்தத்தைத் தொடையிலிருந்து எடுத்தாள். இதயத்தில் எடுப்பது சுலபம், ஆனால் செத்த பிறகு பக்கத்து உறுப்புகளிலிருந்து மருந்து அங்கே கசிந்து சேரும். அந்த ரத்தத்தை நம்பி எழுதினால் இல்லாத கொலை இருப்பதாகிவிடும். அப்படி ஒரு வழக்கில் ஒரு நர்ஸ் பதினான்கு மாதம் உள்ளே இருந்ததை அவள் அறிவாள். ஆற அமர வேலை செய்வது சும்மா அல்ல.

கடைசியாக உடம்பைப் புரட்டினார்கள். இடுப்புக்கு மேலே, முதுகுத்தண்டுக்கு வலப்பக்கம், பிளாஸ்திரி அப்படியே ஒட்டியிருந்தது. அதை இடுக்கியால் உரித்து ஒரு சின்னப் புட்டியில் போட்டாள். பிளாஸ்திரி இருந்த சதுரம் வெளுத்திருந்தது. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தோல் சிவந்து, வரி வரியாக, சீப்பால் இழுத்ததுபோலக் கோடுகள். இரண்டு மூன்று இடத்தில் சின்னக் கொப்புளம்.

"படுத்த படுக்கையில வந்த புண்ணா டாக்டர்?"

"படுக்கைப்புண் கோடு போட்டுக்கிட்டு வராது" என்றாள். அளந்தாள், படம் எடுத்தாள், ஒரு துண்டு தோலை நுண்ணோக்கிக்கு அனுப்பினாள். அது என்னவென்று அப்போது அவளுக்கே தெரியவில்லை. தெரியாததைக் குறித்து வைப்பது அவள் வழக்கம்.

ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது எட்டாம் நாள். அங்கிருக்கும் வேதியியலாளருக்குத் தசமம் என்று பெயர். புள்ளிக்குப் பின்னால் மூன்று எண் சொல்லாமல் அவரால் மணிகூடச் சொல்ல முடியாது. போனில் அவர் எண்களை வாசித்து முடித்ததும் டாக்டரம்மா கேட்டாள், "சார், புள்ளியை விட்டுட்டு மனுஷ பாஷையில சொல்லுங்க. மாத்திரை எவ்வளவு?"

"மார்ஃபின் ரொம்பச் சாதாரணம். இதே மருந்துல ரெண்டு வருஷம் இருந்த ஆளுக்கு இது ஒரு வாய் டீ மாதிரி. நமக்குன்னா பேச்சு வேற."

"பிளாஸ்திரி?"

"அதுதான் இடிக்குது. ஒரு பிளாஸ்திரியில வர வேண்டியதைப்போல நாலு மடங்கு ரத்தத்துல இருக்கு. நீங்க அனுப்பின பிளாஸ்திரியில மிச்சம் இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல. யாரோ பிழிஞ்ச மாதிரி காலியாயிருக்கு."

பழகின உடம்பையும் சாய்க்கிற அளவு அது. டாக்டரம்மா போனை வைத்துவிட்டுப் போலீஸ் கடிதத்தை எடுத்தாள். வீட்டிலிருந்த பெட்டியில் பிளாஸ்திரி எண்ணிக்கை சரியாக இருந்ததாகப் போலீஸ் எழுதியிருந்தது. உடம்பில் இரண்டாவது பிளாஸ்திரியின் பசைத் தடம் இல்லை. சிலர் செய்வதுபோல அவர் அதை மென்று தின்னவும் இல்லை. ஒட்டிய இடத்திலேயே இருந்துகொண்டு, மூன்று நாள் மருந்தை ஒரே மதியத்தில் அது கொட்டியிருக்கிறது. முதுகுத் தோலைப் பிடித்த படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். வரி வரியான சிவப்பு. நுண்ணோக்கியும் அதையே சொன்னது, உயிர் இருக்கும்போதே பட்ட சூடு. அவள் வீட்டுக் குளியலறைக் கொக்கியில் தொங்குகிற வெந்நீர்ப் பையில் இதே வரிகள் இருக்கின்றன. வழுக்காமல் இருப்பதற்காக ரப்பரில் போட்ட வரி.

சூடு பட்டால் அந்தப் பிளாஸ்திரி மருந்தை அடக்கி வைக்காது. உறையில் அது எழுதியிருக்கிறது, யாரும் படிக்கமுடியாத பொடி எழுத்தில்.

மதியம் அக்கா வந்தாள். நாற்பத்திரண்டு வயது, நரை ஆரம்பித்த தலை, கைப்பிடி பிய்ந்த பை ஒன்று மடியில். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பியைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், அவள் அவன் கைக்கட்டைப் பார்த்து ஒரு கணம் நின்றதையும் டாக்டரம்மா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள். "நான்தான் டாக்டர். அவன் சொல்றது நிஜம். அன்னிக்கு மதியம் ரெண்டு மாத்திரை குடுத்தேன். அப்பா கையைப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சினாரு. லாரியில முப்பத்தஞ்சு வருஷம் ராஜா மாதிரி இருந்த மனுஷன், ஒரு மாத்திரைக்குப் புள்ளைகிட்டக் கெஞ்சினா எப்படி இருக்கும்? குடுத்துட்டேன். ஒன்பது நாளா ஒரு சோறு இறங்கல."

"அந்த மாத்திரை அவரை ஒண்ணும் செய்யலம்மா."

அக்கா நிமிர்ந்தாள்.

"உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லல. ரத்தத்துல அளந்து பாத்துட்டுச் சொல்றேன். அந்த ரெண்டு மாத்திரையால உங்கப்பா சாகல."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. டாக்டரம்மா வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தாள். வெளியே யாரோ ஸ்டிரெச்சர் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு எழுந்து போகிற பாக்கியம் இந்த வேலையில் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் கிடைக்கும். இன்று அது பாதியோடு நிற்கப் போகிறது.

"பிளாஸ்திரியை ஏம்மா முதுகுல அவ்வளவு கீழ ஒட்டினீங்க?"

"அங்கதானே டாக்டர் வலி? வலிக்கிற இடத்துலதானே பிளாஸ்திரி போடுவாங்க?"

இந்தத் தப்பை டாக்டரம்மா இதற்கு முன்னும் பார்த்திருக்கிறாள். அது தோல் வழியாக ரத்தத்துக்குப் போகிற மருந்து, மார்பில் ஒட்டினாலும் ஒன்றுதான், தோளில் ஒட்டினாலும் ஒன்றுதான். பிளாஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டால் ஜனங்கள் வலிக்கிற இடத்தில்தான் ஒட்டுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா?

"அன்னிக்கு அந்த இடத்துல யாராவது வெந்நீர்ப் பை வச்சாங்களா?"

அக்காவின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. அவள் முட்டாள் அல்ல. இரண்டு வருடம் நோயாளியைப் பார்த்துக்கொண்டவள், பாதி நர்ஸ். கேள்வி எங்கே போகிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. மடியிலிருந்த பையின் பிய்ந்த கைப்பிடியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

"சூடு பட்டா என்ன ஆகும்?"

கேட்டுவிட்டாள். டாக்டரம்மா சொன்னாள். நாலு மடங்கு என்பதையும் சொன்னாள்.

"நான் பல் டாக்டர்கிட்டப் போயிருந்தேன்" என்றாள் அக்கா, ரொம்ப மெல்லிய குரலில். "ரெண்டு வருஷமா ஆடிக்கிட்டிருந்த பல்லு. தம்பி வந்திருக்கான், இன்னிக்கு ஒரு நாள் போயிட்டு வந்துரலாம்னு. காத்திருக்கும்போது இது வந்துச்சு."

போனை எடுத்து ஒரு குரல்பதிவைத் தட்டினாள். முதலில் தம்பியின் கிசுகிசுப்பு, அடக்கமுடியாத பெருமையோடு: "அக்கா, கேளு, உன் அப்பாவை எப்படித் தூங்க வச்சிருக்கேன் பாரு. மூணு தடவை தண்ணி மாத்திட்டேன். கை வெந்துடுச்சு, பரவாயில்ல." அப்புறம் குறட்டை. ஆழமான, தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பது போன்ற ஒரு குறட்டை. பிறகு ஒன்றுமில்லை. பதிவு முடிந்துவிட்டதென்றே தோன்றும் அளவுக்கு நீண்ட அமைதி. பிறகு இன்னொன்று.

டாக்டரம்மாவின் கண் தானாக மேசைக் கடிகாரத்துக்குப் போயிற்று. முக்கால் நிமிடப் பதிவில் மூன்று மூச்சு. தூங்குகிற மனிதன் அதற்குள் பத்துப் பன்னிரண்டு மூச்சு விட்டிருப்பான். இவருக்கு மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடத்தில் செத்த பிறகுதான் இப்படிப்பட்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள். செத்துக்கொண்டிருக்கும்போது கேட்டது இதுதான் முதல் தடவை.

பதிவுக்குக் கீழே அக்கா அனுப்பிய பதில் இருந்தது. *எழுப்பாதே. தூங்கட்டும்.*

"மாத்திரைன்னே எழுதிடுங்க டாக்டர்."

"என்னம்மா சொல்றீங்க?"

"மாத்திரைன்னே எழுதிடுங்க. நான் குடுத்தது நிஜம்தானே? நான் போலீஸ்லயும் ஒத்துக்கறேன். அவனுக்கு இது தெரிய வேண்டாம்."

"உங்களை உள்ள தள்ளணும்னுதானே அவர் வெளிய உக்காந்திருக்காரு?"

"அது கோபம். கோபம் இருந்தா மனுஷன் சாப்பிடுவான், நடமாடுவான். இது தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாக்குறவன் டாக்டர். வந்தாலும் போனும் கையுமா இருப்பான். நான் எத்தனை தடவை திட்டியிருக்கேன், அப்பாவுக்குன்னு ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டியாடான்னு. அன்னிக்கு ஒரு நாள்தான் செஞ்சான்."

டாக்டரம்மாவுக்குப் பொய் எழுதலாம் என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. ஒரு வரி மாற்றினால் போதும், தசமத்தின் எண்களை யார் படித்துப் புரிந்துகொள்ளப் போகிறார்கள்? ஆனால் அந்த ஒரு வரி இந்தப் பெண்ணைச் சிறைக்கு அனுப்பும். அதோடு, நாளைக்கு வேறொரு வீட்டில் வேறொரு மகன் வேறொரு பையில் வெந்நீர் நிரப்புவான்.

"முடியாதும்மா" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "விபத்துன்னு எழுதுவேன். பிளாஸ்திரி மேல சூடு பட்டதுன்னு எழுதுவேன். யார் வச்சாங்கன்னு எழுத அந்தத் தாள்ல இடமே கிடையாது. ஆனா அவருக்கு அது தெரியுமே."

அக்கா எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்தாள். "உள்ள வாடா."

இருபது நிமிடத்துக்கு முன்பு முகத்தைத் திருப்பியவன், அந்தக் குரலுக்குச் சின்ன வயதிலிருந்து எழுந்து பழகியவன்போல எழுந்து வந்தான்.

"அப்பாவுக்கு நான் பிளாஸ்திரியைத் தப்பான இடத்துல ஒட்டிட்டேன்டா. அதனால மருந்து அதிகமா இறங்கிடுச்சு. மாத்திரை இல்ல. ஆனா என் தப்புதான்" என்றாள் அக்கா, ஒரே மூச்சில், ஒப்பித்த மாதிரி.

தம்பி ஜெயித்த முகத்தோடு டாக்டரம்மாவைப் பார்த்தான். அந்த முகம் நிலைக்கவில்லை. "தப்பான இடம்னா?"

"முதுகுல. கீழ."

"அங்கதானே நான்..." என்றவன் நிறுத்தினான். தன் கைக்கட்டைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான், அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவன் டாக்டரம்மா பக்கம் திரும்பினான். காலையில் மேசையைத் தட்டிய ஆளின் குரலாகவே அது இல்லை.

"டாக்டர், நான் வச்ச வெந்நீர்ப் பையாலயா?"

கேட்காமல் இருந்திருக்கலாமே, பாவி. டாக்டரம்மா அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "சூட்டுல பிளாஸ்திரி மருந்து மொத்தமா இறங்கிடுச்சு. உங்களுக்கு அது தெரிய வழியில்ல. யாரும் உங்ககிட்டச் சொல்லல. அது எங்க தப்பு, டாக்டருங்க தப்பு."

கடைசி வாக்கியங்கள் எதுவும் அவன் காதில் ஏறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"குறட்டை நின்னுச்சுக்கா" என்றான். "நாலு மணிக்கு நின்னுச்சு. நான் கூடத்துல இருந்தேன். இன்னும் நல்லாத் தூங்குறாருன்னு நெனச்சேன். போய்க் கதவைச் சாத்திட்டு வந்தேன், என் போன் சத்தத்துல முழிச்சிடக் கூடாதுன்னு."

"எழுப்பாதேன்னு சொன்னது நான்டா."

"நான் மூணாவது தடவை தண்ணி மாத்தாம இருந்திருந்தா..."

"நான் எழுப்புடான்னு சொல்லியிருந்தா..."

ஒன்பது நாளாகக் குற்றத்தை அக்காவின் தலையில் கட்டியவன், இப்போது அவளிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தான், அவள் விடவில்லை. டாக்டரம்மாவால் ஜன்னலைப் பார்க்க முடியவில்லை. அவர்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு வலிச்சிருக்குமா டாக்டர்?" என்று கேட்டான், முகத்தைத் தூக்காமல்.

"இல்ல." யோசிக்காமல் சொல்லக்கூடிய உண்மை ஒன்றாவது மிச்சம் இருந்தது. "ரெண்டு வருஷத்துல அந்த மதியம்தான் அவருக்கு வலியே இல்ல."

தம்பி இடது கையால் அக்காவின் போனை எடுத்தான். அந்தப் பதிவைத் தேடி, அழிப்பதற்காக விரலை வைத்து அழுத்தினான். அக்கா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அழிக்காதடா. அப்பா சத்தம்னு நம்மகிட்ட இருக்குறது இது ஒண்ணுதான்."

பிறகு அவன் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, பிரிந்து தொங்கிய கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். டாக்டரம்மா எழுந்து போய், ரேடியோவிடம் சுத்தமான பஞ்சும் துணியும் கேட்டாள்.